ஹவுரா பாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் சென்று இறங்குபவர், நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் காண்பது ஹூக்ளி ஆற்றின் குறுக்கே வானளாவ நிற்கும் வெள்ளிச் சாம்பல் நிற எஃகுப் பாலத்தைத்தான். அந்தப் பாலத்தைப் பற்றி நம் ஊரில் உலவும் செய்திகளில் உண்மையும் கட்டுக்கதையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அந்த இடத்தில் பாலம் ஏன் தேவைப்பட்டது?

கங்கையிலிருந்து பிரிந்து தெற்கு நோக்கி ஓடி வங்கக் கடலில் கலக்கும் கிளையாறு ஹூக்ளி. அதன் கிழக்குக் கரையில் கொல்கத்தா நகரமும், மேற்குக் கரையில் ஹவுராவும் உள்ளன. 1854ஆம் ஆண்டில் இப்பகுதியின் முதல் ரயில் ஹவுராவிலிருந்துதான் புறப்பட்டது. அலுவலகங்கள், சந்தைகள், துறைமுகம் எல்லாம் ஒரு கரையில் இருக்க, ரயில் வந்து நிற்கும் இடம் மறு கரையில் அமைந்துவிட்டது. ரயிலில் வந்த மனிதர்களும் சரக்கும் நகருக்குள் போக வேண்டுமானால் படகேறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருபது ஆண்டுகள் நீடித்தது. நிலையத்தின் வாசலும் பாலத்தின் தலைப்பும் இன்றும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதற்கு இதுவே காரணம்.

இப்போதுள்ள பாலம்தான் முதல் பாலமா?

இல்லை. இதே இடத்திற்கு அருகில் 1874ஆம் ஆண்டு முதல் ஒரு மிதவைப் பாலம் இருந்தது. சர் பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற பொறியாளர் அதை அமைத்தார். உறுப்புகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பலில் கொண்டுவரப்பட்டு, கொல்கத்தாவில் பூட்டப்பட்டன. அதன் நீளம் 1,528 அடி, அகலம் 62 அடி. வேலை முடியும் தறுவாயில், 1874 மார்ச் மாதத்தில் வீசிய புயலில் எகேரியா என்ற நீராவிக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு வந்து மோதியதில் மூன்று மிதவைகள் மூழ்கின. ஏறத்தாழ 200 அடி நீளம் சேதமானது. அதைச் சீர்செய்து அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று போக்குவரத்துக்குத் திறந்தார்கள்.

மிதவைப் பாலத்தின் நடுவே 200 அடி அளவுக்குக் கழற்றி ஒதுக்கக்கூடிய பகுதி ஒன்று இருந்தது. கப்பல் மேலேறிச் செல்ல வேண்டுமானால் அந்தப் பகுதியை விலக்குவார்கள். விலக்கியிருக்கும் நேரம் முழுவதும் மாட்டு வண்டிகளும் பல்லக்குகளும் பாதசாரிகளும் இரு கரையிலும் காத்து நிற்பார்கள். 1906 ஜூன் வரை பகலில் மட்டுமே இப்படித் திறந்தார்கள். அதன் பிறகுதான், பெருங்கடல் கப்பல்கள் தவிர மற்றவற்றுக்கு, இரவில் திறக்கும் வழக்கம் வந்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பன்னிரண்டு மணிக் கேள்விக்கு இது தேவைப்படும்.

புதிய பாலத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண்கூட ஏன் வைக்கவில்லை?

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விவாதித்த பிறகே பாலத்தின் வடிவம் முடிவானது. 1921ஆம் ஆண்டு சர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் அமைந்த குழு முதல், 1926ஆம் ஆண்டின் புதிய ஹவுரா பாலச் சட்டம் கடந்து, 1930களின் நடுப்பகுதி வரை வளைவுப் பாலம், தூண் பாலம் எனப் பல யோசனைகள் வந்து போயின.

ஹூக்ளி வண்டல் மிகுந்த ஆறு. அதோடு, நாள்தோறும் இரு முறை கடலின் ஏற்றவற்றம் நகரைத் தாண்டியும் உள்ளே வரும் ஆறு. அத்தகைய ஆற்றின் நடுவே தூண்களை நட்டால், தூணைச் சுற்றி நீர் சுழித்து ஓரிடத்தில் அரிக்கும், இன்னோரிடத்தில் மண்ணைக் குவிக்கும். துறைமுகத்தை நம்பி வாழ்ந்த நகரத்துக்குக் கப்பல் பாதையில் மண் மேடிடுவது உயிர் பிரச்சினை. படகுகளுக்கும் கப்பல்களுக்கும் தூண்கள் இடையூறாகவும் இருக்கும். ஆகவே, இரு கரைகளிலும் ஒவ்வொரு கோபுரம் மட்டும் நிறுத்தி, இடையில் 1,500 அடி தூரத்தை, அதாவது 457 மீட்டரை, ஒரே தாவலாகக் கடப்பது என்று தீர்மானித்தார்கள். ரெண்டல், பாமர் அண்ட் ட்ரிட்டன் என்ற லண்டன் நிறுவனம் வடிவமைத்தது. பிரெய்த்வெய்ட், பர்ன் அண்ட் ஜெஸ்ஸாப் கட்டுமான நிறுவனம் கட்டியது. 1936இல் பணி தொடங்கி 1942இல் முடிந்தது. செலவு சுமார் 2.5 கோடி ரூபாய்.

இது தொங்கு பாலம்தானே?

பாட நூல்களிலும் பொது அறிவு வினாக்களிலும்கூட இப்படி எழுதிவிடுகிறார்கள். தொங்கு பாலத்தில் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தடித்த வடம் ஓட வேண்டும். ஹவுரா பாலத்தில் அப்படி எந்த வடமும் இல்லை. இது கான்டிலீவர் வகையைச் சேர்ந்தது.

எளிதாக இப்படி எண்ணிப் பாருங்கள். வாய்க்காலின் இரு கரையிலும் இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு கையை முன்னால் நீட்டி, நடுவே ஒரு பலகையைத் தாங்குகிறார்கள். பலகையின் சுமை அவர்களை முன்னால் சாய்க்கப் பார்க்கும். சாயாமல் இருக்க, ஒவ்வொருவரும் மறு கையால் பின்னால் தரையில் அறைந்த முளையை இறுகப் பற்றியிருக்கிறார்கள். நிற்கும் மனிதர்கள்தாம் 280 அடி உயரமுள்ள இரு கோபுரங்கள். ஆற்றின் மேல் நீளும் முன்கை ஒவ்வொன்றும் 468 அடி. இரு முன்கைகளுக்கும் இடையில் உள்ள பலகை, அதாவது தாங்கப்படும் நடுப்பகுதி, 564 அடி. கரைப் பக்கம் இழுத்துப் பிடிக்கும் பின்கைகள் தலா 325 அடி.

"தொங்கு" என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. வாகனங்கள் செல்லும் தளம் மேலே உள்ள எஃகுச் சட்டத்திலிருந்து 39 இணைத் தொங்கு தண்டுகளால் தாங்கப்படுகிறது. தளம் தொங்குகிறது என்பது உண்மை, பாலம் தொங்கவில்லை. கரைப் பக்கத்தில் உள்ள பாதையோ தரையிலிருந்தே தாங்கப்படுவதால், பின்கைகளின் மேல் தளத்தின் சுமை ஏறுவதில்லை. இழுத்துப் பிடிப்பது ஒன்றே அவற்றின் வேலை.

கட்டி முடித்தபோது, கனடாவின் கியூபெக் பாலத்துக்கும் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்துக்கும் அடுத்து, உலகின் மூன்றாவது நீளமான கான்டிலீவர் பாலமாக இது இருந்தது. பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கட்டப்பட்ட பாலங்களால் ஆறாம் இடத்துக்கு வந்தது.

ஒரு நட்டும் போல்ட்டும் இல்லாமல் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் அதில் மாயம் ஒன்றும் இல்லை. எஃகுப் பட்டைகளை ரிவெட் எனப்படும் தறையாணிகளால் இணைத்திருக்கிறார்கள். ஆணியைச் சிவக்கக் காய்ச்சி, பட்டைகளின் துளைக்குள் செலுத்தி, மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஆணி ஆறும்போது சுருங்கி, இரு பட்டைகளையும் பிரிக்க முடியாதபடி நெருக்கிப் பிடிக்கும். போல்ட் அதிர்வில் தளரக்கூடும். இப்படி இறுகிய தறையாணி எளிதில் தளராது. அந்தக் காலத்தில் பெரிய எஃகுக் கட்டுமானங்களை இப்படித்தான் செய்தார்கள். ஃபோர்த் பாலமும் பாரிசின் ஈஃபெல் கோபுரமும் தறையாணிகளால் ஆனவையே. ஆகவே, உலகில் வேறெங்கும் இல்லாத தொழில்நுட்பம் என்று இதைச் சொல்வது சரியல்ல. வியக்க வேண்டியது அந்த வேலையின் நேர்த்தியை. எட்டு பத்து மாடி உயரத்தில், கீழே ஆறு ஓட, காய்ச்சிய ஆணியைப் பிடித்து அடித்த தொழிலாளர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இரு கரைகளிலிருந்தும் பாலத்தை வெளிநோக்கி வளர்த்துக்கொண்டே வந்தார்கள். ஊர்ந்து நகரும் பாரந்தூக்கிகள், தாங்கள் அப்போதுதான் பொருத்திய சட்டத்தின் மேலேயே ஏறி அடுத்த துண்டைத் தூக்கின. நடுவில் இரு பாதிகளும் சந்தித்த இடத்தில், தலா 800 டன் திறன் கொண்ட 16 நீரியல் ஜாக்கிகளைக் கொண்டு இடைவெளியைச் சரிசெய்து இணைத்தார்கள்.

எஃகு இங்கிலாந்திலிருந்து வந்ததா, இந்தியாவிலேயே செய்யப்பட்டதா?

பாலத்தில் உள்ள எஃகு சுமார் 26,500 டன். அதை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதுதான் முதல் திட்டம். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அங்குள்ள எஃகு ஆலைகள் போர்த் தளவாடங்களுக்குத் திரும்பிவிட, ஏறத்தாழ 3,000 டன் மட்டுமே வந்து சேர்ந்தது. எஞ்சிய சுமார் 23,000 டன்னை ஜாம்ஷெட்பூரின் டாடா ஆலை தந்தது. இந்தப் பாலத்துக்குத் தேவையான மிகு வலிமை கொண்ட ஒரு கலப்பு எஃகை டிஸ்க்ரோம் என்ற பெயரில் அங்கே உருவாக்கினார்கள். எஃகைப் பாலத்தின் உறுப்புகளாக வெட்டித் துளையிட்டுத் தயார்செய்த பணியும் கொல்கத்தாப் பட்டறைகளிலேயே நடந்தது.

அடித்தளம் எவ்வளவு ஆழம்? அதைத் தோண்டியபோது நிலநடுக்கம் வந்தது என்கிறார்களே?

ஒவ்வொரு கோபுரமும் கெய்சன் எனப்படும் பிரம்மாண்டமான கிணற்று அடித்தளத்தின் மேல் நிற்கிறது. நம் ஊரில் உறை இறக்கிக் கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே புரியும்: உள்ளிருந்து மண்ணை எடுக்க எடுக்க, உறை தன் கனத்தாலேயே கீழே இறங்கும். இங்கே உறையின் அளவு 55.31 மீட்டருக்கு 24.8 மீட்டர், அதனுள் ஒவ்வொன்றும் 6.25 மீட்டர் சதுரமான 21 குழிகள். ஹவுரா பக்கத்தில் திறந்த முறையில் தரைமட்டத்திலிருந்து 26.53 மீட்டர் வரை இறக்கினார்கள். கொல்கத்தா பக்கத்தில் 31.41 மீட்டர் வரை போக வேண்டியிருந்தது. அங்கே நீர் உட்புகாதபடி அழுத்தக் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்றறைகளுக்குள் ஆட்களை இறக்கி வேலை நடத்தினார்கள். அந்தப் பணிக்கு 500 பேர் தேவைப்பட்டார்கள்.

நிலநடுக்கக் கதைக்கும் அடிப்படை உண்டு. ஓர் இரவு, மண்ணை வாரிக்கொண்டிருந்தபோது அடியில் இருந்த நிலம் சட்டென இளகி, அத்தனை பெரிய கெய்சனும் ஒரே வீச்சில் இரண்டடி கீழே விழுந்தது. அந்த அதிர்வைக் கிதர்பூரில் இருந்த நிலநடுக்கமானி நிலநடுக்கமாகவே பதிவு செய்தது. கரையில் இருந்த ஒரு கோயில் இடிந்து, பின்னர் திரும்பக் கட்டித் தரப்பட்டது.

வாரிய சேற்றோடு நங்கூரங்கள், பீரங்கிகள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நாணயங்கள் எல்லாம் மேலே வந்தன. இரு நூற்றாண்டுக் கப்பல் போக்குவரத்து ஆற்றின் அடியில் விட்டுச் சென்றிருந்த மிச்சங்கள் அவை.

இவ்வளவு பெரிய பாலத்துக்குத் திறப்பு விழாவே நடக்கவில்லையாமே?

நடக்கவில்லை. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கொல்கத்தாவின் மீது குண்டு வீசத் தொடங்கியிருந்தன. துறைமுகத்தையும் ரயில் நிலையத்தையும் இணைக்கும் புதுப் பாலம் திறக்கப்படுகிறது என்று ஊரறிய அறிவித்தால், அது எதிரிக்கும் சொல்லியனுப்பிய செய்தியாகிவிடும். எனவே, 1943 பிப்ரவரி 3ஆம் தேதி மேளதாளமின்றிப் பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. முதலில் கடந்தது ஒரே ஒரு டிராம் வண்டி.

அதே ஆண்டில்தான் வங்கப் பெரும் பஞ்சமும் வந்தது. கொல்கத்தாவின் தெருக்களில் பசியால் மக்கள் மடிந்த அந்த மாதங்களில் இந்தப் பாலம் புத்தம் புதியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பன்னிரண்டு மணிக்குப் பாலத்தை மூடுவார்களா? மூடாவிட்டால் விழுந்துவிடுமா?

சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் புதுப்புது வடிவில் வரும் செய்தி இது. பகல் பன்னிரண்டு மணிக்கோ நள்ளிரவுக்கோ பாலத்தின் மேல் எதுவும் செல்லக் கூடாது, சென்றால் பாலம் சரியும், அதற்கான இரகசியம் பொறியாளர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதாகப் போகும். இதில் துளியும் உண்மை இல்லை. பன்னிரண்டு மணிக்கும் பேருந்துகள் ஓடுகின்றன, மக்கள் நடக்கிறார்கள். கடிகாரத்தின் முள் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எஃகின் வலிமை மாறுவதில்லை.

ஆனால் ஊர் வாயில் ஒரு கதை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு ஏதேனும் வேர் இருக்கும். குறித்த நேரத்தில் போக்குவரத்தை நிறுத்தி நடுப்பகுதியைக் கழற்றிய பழைய மிதவைப் பாலத்தின் நினைவு, தலைமுறை மாறியபின் இந்தப் பாலத்தின் மேல் வந்து படிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பராமரிப்புக்காக மூடுவது வேறு. 2024 நவம்பர் 16 இரவு 11.30 மணி முதல் மறுநாள் அதிகாலை 4.30 மணி வரை, பாலத்தின் நலத்தை ஆய்வு செய்வதற்காக முறையாக அறிவித்து வாகனங்களை நிறுத்தினார்கள். அந்த அறிவிப்பின் துண்டுகளும் இப்போது பழைய கதையோடு சேர்த்துப் பரப்பப்படுகின்றன.

கோடை வெயிலில் பாலம் நான்கு அடிக்கு மேல் நீளும் என்பது சரியா?

இது பல இடங்களில் அச்சிலேயே வந்திருக்கிறது. ஆயினும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். பாலத்தின் மொத்த நீளம் 705 மீட்டர். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் எஃகின் வெப்பம் 30 பாகை ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மொத்த நீட்சி 25 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வரும், ஓரடிகூட இல்லை. அந்த நீட்சிக்கும் சுருக்கத்துக்கும் இடம் தருவதற்காகவே அசைந்து கொடுக்கும் இணைப்புகளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான்கு அடி என்ற எண் எங்கே பிறந்திருந்தாலும், அதைத் திரும்ப எழுதுவதற்கு முன் இந்தப் பெருக்கலை ஒரு முறை செய்து பார்த்திருக்கலாம்.

அதிகாரபூர்வப் பெயர் என்ன?

1965 ஜூன் 14 அன்று கவி ரவீந்திரநாத் தாகூரின் பெயரால் ரவீந்திர சேது என்று பெயர் மாற்றினார்கள். ஆவணங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் அதுவே இருக்கும். மக்கள் பேச்சில் ஹவுரா பிரிட்ஜ்தான்; வழி கேட்பவர் அப்படிக் கேட்டாலே போதும்.

சுங்கம் உண்டா? பராமரிப்பவர் யார்?

சுங்கக் கட்டணம் கிடையாது. பாலம் கட்டிய கடனை அடைக்கத் தனி வரி விதிக்கச் சட்டமே வழிசெய்தது. கொல்கத்தா மாநகராட்சியின் சொத்து வரியில் ஹவுரா பால வரி என்று தனி இனம் ஒன்று உண்டு. எனவே, பாலத்தை இலவசம் என்று சொல்வதைவிட, ஊர் மக்கள் வீட்டு வரியோடு சேர்த்துச் செலுத்திய பாலம் என்று சொல்வதே பொருத்தம். பராமரிப்புப் பொறுப்பு கொல்கத்தாத் துறைமுகத்துடையது. 2020 முதல் அதன் பெயர் சியாமா பிரசாத் முகர்ஜி துறைமுகம்.

வெற்றிலை எச்சில் ஒரு எஃகுப் பாலத்தை அரிக்க முடியுமா?

முடியும், அரித்துக் காட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வேடிக்கைச் செய்தியாகப் பகிரும் இந்த விஷயம்தான், என் கருத்தில், பாலத்தைப் பற்றிய கேள்விகளிலேயே மிகவும் கவலைக்குரியது.

மேலே சொன்ன 39 இணை, அதாவது 78 தொங்கு தண்டுகளின் அடிப்பாகம் நடைபாதைக்குப் பக்கத்திலேயே தளத்தின் குறுக்குச் சட்டங்களோடு சேர்கிறது. அந்தச் சேர்மானத்துக்குள் மழைநீர் இறங்காமல் இருக்க எஃகுத் தகட்டால் குல்லாய் போன்ற மூடிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. நடைபாதையில் போகிறவர்கள் வெற்றிலையும் பான் மசாலாவும் மென்று துப்புவது சரியாக அந்த மூடிகளின் மேல். சுண்ணாம்பும் பாக்கும் எச்சிலும் கலந்த அந்தச் சாறு எந்நேரமும் ஈரமாக ஒட்டியிருந்து, முதலில் வண்ணப்பூச்சை உரித்து, பிறகு தகட்டைத் தின்றது. 6 மில்லிமீட்டர் தடிமனாக இருந்த மூடிகள், ஒரு சில ஆண்டுகளில் 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்துவிட்டதைப் பொறியாளர்கள் கண்டார்கள். 2011 வாக்கில் அவற்றின் மேல் கண்ணாடியிழை உறைகளைப் போர்த்தினார்கள். எச்சில் படிந்தாலும் கழுவிவிடலாம், துரு ஏறாது என்பதே அதன் நோக்கம்.

கோபுர உச்சிக்கு யாரும் போய்த் துப்பப் போவதில்லை. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓசையின்றித் திறந்த பாலத்துக்கு, நாள்தோறும் அதைப் பயன்படுத்துபவர்களின் வாயிலிருந்தே தீங்கு வந்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. பறவைகளின் எச்சமும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் பறவைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்காகத் துறைமுக நிர்வாகம் சட்டங்களின் இடுக்குகளைத் துப்புரவு செய்ய ஆண்டுதோறும் பல லட்சம் ரூபாய் செலவிட வேண்டியிருந்தது. முழுப் பாலத்துக்கும் ஒரு முறை வண்ணம் பூச 26,000 லிட்டருக்கு மேல் பூச்சு தேவைப்படுகிறது.

கப்பல் மோதியதால் பாலம் பலவீனமாகிவிட்டதா?

2005 ஜூன் 24 அன்று, ஆற்றில் ஏற்றம் இருந்தபோது பாலத்தின் அடியில் செல்ல முயன்ற மணி என்ற சரக்குப் படகின் புகைபோக்கி தளத்தின் அடிச்சட்டங்களில் சிக்கிக்கொண்டது. மூன்று மணி நேரம் அசைய முடியாமல் நின்று, நீள்வாட்டுச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் வளைத்துவிட்டது. சேதம் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய் என மதிப்பிட்டார்கள். அடிபட்டது தளத்தைத் தாங்கும் சட்டங்களே. கோபுரங்களோ முதன்மைக் கைகளோ அல்ல.

பாலத்தில் டிராம் ஓடுவதில்லையே, ஏன்?

1993ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். பாலத்தின் மேல் ஏறும் சுமையைக் குறைப்பதே காரணம். முதன்முதலில் கடந்த வண்டியே டிராம் என்பதால் வருந்துபவர்கள் பலர் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. எனினும், சுமை பெருகிய அளவைப் பார்த்தால் வேறு வழி இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. 1946இல் எடுத்த கணக்கின்படி ஒரு நாளில் கடந்தவை 27,400 வாகனங்கள், 1,21,100 பாதசாரிகள், 2,997 கால்நடைகள். இப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வாகனங்களும் ஒன்றரை லட்சம் பாதசாரிகளும் கடப்பதாகச் சொல்லப்படுகிறது. நடப்பவர்களின் எண்ணிக்கை சிறிதளவே கூடியிருக்க, வாகனங்கள் நான்கு மடங்கை நெருங்கிவிட்டன.

ஆற்றைக் கடக்க வேறு வழிகள் உண்டா?

வடக்கே பாலி அருகில் 1931ஆம் ஆண்டிலிருந்து ரயிலும் வாகனமும் செல்லும் விவேகானந்த சேது இருக்கிறது. அதன் பக்கத்திலேயே 2007இல் நிவேதிதா சேது வந்தது. தெற்கே 1992 அக்டோபரில் திறந்த வித்யாசாகர் சேது கம்பி வடங்களால் தாங்கப்படும் பாலம். தூண்களுக்கு இடையிலான அதன் நீளமும் 457 மீட்டர் அளவே என்பது சுவையான பொருத்தம். 2024 மார்ச் 15 முதல் ஆற்றின் அடியிலேயே மெட்ரோ ரயில் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. ஏறத்தாழ 520 மீட்டர் நீளமுள்ள ஆற்றடிப் பகுதியை அது 45 நொடிகளில் கடக்கிறது. கையில் பெட்டியோடு அவசரமாகப் போகிறவர்களுக்கு மெட்ரோவே உகந்தது. நேரம் இருப்பவர்கள் ஹவுரா படகுத்துறையிலிருந்து படகில் போகலாம்.

நடந்து கடக்கலாமா? படம் எடுக்கலாமா?

கட்டாயம் நடக்க வேண்டும். 71 அடி அகலமுள்ள வாகனப் பாதைக்கு வெளியே, இரு புறமும் தலா 15 அடி அகலத்தில் நடைபாதை இருக்கிறது. வேகமாக நடந்தால் பத்து நிமிடத்துக்குள் மறு கரை. கனரக வண்டி செல்லும்போது காலடியில் மெல்லிய அதிர்வு தெரியும். அஞ்ச வேண்டாம், தொங்கும் தளத்தின் இயல்பு அது.

பாலத்தின் மேலேயே நின்று படம் எடுப்பதைக் காவலர்கள் தடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு; தடுத்தால் வாதிட வேண்டாம். முழுப் பாலமும் ஒரே பார்வையில் கிடைப்பது படகிலிருந்தும், கொல்கத்தாக் கரையில் உள்ள மல்லிக் காட் படித்துறையிலிருந்தும்தான். அந்தப் படித்துறையை ஒட்டிய பூச்சந்தைக்கு விடியற்காலையில் போவது நல்லது. சாமந்தி மாலைகளை உருண்டை உருண்டையாகக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு பாலத்தின் மேல் ஓட்டமும் நடையுமாக வருபவர்களை அப்போது காணலாம். அவர்கள் எதிரே வந்தால் கைப்பிடி ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள். அவ்வளவு சுமையோடு வருபவரால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது.